தாத்தா பெட்டியில் ஒரு 'சபாபதி': எடைக்குப் போடலாமா?

இந்த வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ்ல இருந்து தொடங்கறேன். நம்ம நேயர் ஒருத்தர் அனுப்பினது. அவங்க தாத்தா வீட்டை இடிச்சு அடுக்குமாடி கட்டப் போறாங்களாம். மாடி அறையில ஒரு டிரங்குப் பெட்டி. உள்ளே பழைய ரசீதுகள், கல்யாணப் பத்திரிகைகள். அதுக்கு அடியில பழுப்பேறிப்போன பத்துப் பன்னிரண்டு சின்னப் புத்தகங்கள். எல்லாமே சினிமா பாட்டுப் புத்தகம். அதுல ஒண்ணோட அட்டையில 'சபாபதி'ன்னு போட்டிருக்கு.

அவங்க கேட்டது இதுதான்: "இந்தப் பேரைத் தேடினா சந்தானம் படம்தான் வருது. இது என்ன படம்? பழைய பேப்பர் கடைக்காரர் எல்லாத்தையும் எடைக்கு எடுத்துக்கறேன்கறார். கொடுத்துடலாமா?"

சுருக்கமான பதில்: தயவுசெஞ்சு கொடுக்காதீங்க. கொஞ்சம் நீளமான பதில்தான் இந்த எபிசோட்.

ரெண்டு சபாபதிகள்

சந்தானம் நடிச்ச 'சபாபதி' 2021ல வந்தது. நாம பேசப் போறது அதுக்கு 80 வருஷம் முந்தின 'சபாபதி'. 1941 டிசம்பர் 14 அன்னிக்கு வெளியான படம். பேர் மட்டும்தான் ஒண்ணு, கதை வேற.

கதை ரொம்பச் சின்னது. பணக்கார முதலியார் வீட்டுப் பையன் ஒருத்தன். வெள்ளை மனசு, ஆனா படிப்பு ஏறாது. பரீட்சை எழுதி எழுதித் தோத்துப்போறவன். அவனுக்கு ஒரு வேலைக்காரன். அசட்டுத்தனத்துல எஜமானையே ஜெயிச்சுடுவான். ரெண்டு பேருக்கும் பேர் சபாபதி. பையனுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறாங்க. வர்ற பொண்ணு படிச்ச பொண்ணு, விவரமானவ. இந்த நாலு சுவருக்குள்ள நடக்கிற குழப்பங்கள்தான் மொத்தப் படமும். வில்லன் கிடையாது, கொலை கிடையாது, மானம் போற பெரிய திருப்பமும் கிடையாது.

எஜமான் சபாபதியா வர்றவர் டி.ஆர். ராமச்சந்திரன். பெரிய முட்டைக் கண், எப்பவும் திகைச்சு நிக்கிற முகம். பின்னாடி 1949ல ஏ.வி.எம். எடுத்த 'வாழ்க்கை'யில வைஜயந்திமாலாவோட நடிச்சார். 1960ல 'அடுத்த வீட்டுப் பெண்' படத்துல அஞ்சலிதேவிக்கு ஜோடி. 'கண்ணாலே பேசிப் பேசிக் கொல்லாதே' பாட்டு இருக்கே, அந்தப் படம்தான்.

வேலைக்காரச் சபாபதியா வர்றவர் காளி என். ரத்தினம். நாடகக் கம்பெனியில இருந்து வந்தவர். கோவலன் நாடகத்துல காளி வேஷம் கட்டிப் பேர் வாங்கினதால பேருக்கு முன்னாடி 'காளி' ஒட்டிக்கிச்சு. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில சின்னப் பையனா இருந்த எம்.ஜி.ஆருக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்தவர்கள்ல இவரும் ஒருத்தர்.

இவருக்கு ஜோடியா வர்றவங்க சி.டி. ராஜகாந்தம். இந்தப் பேர் உங்களுக்குத் தெரியாம இருக்கலாம், ஆனா முகம் தெரிஞ்சிருக்க வாய்ப்பு இருக்கு. தொண்ணூறுகள்ல டிவி முன்னாடி உட்கார்ந்து பயந்தவங்க நிறைய பேர் உங்க வீட்டுலயே இருப்பாங்க. 'மர்மதேசம்' தொடர்ல 'விடாது கருப்பு' கதையில வயசான பாட்டியா வந்தது இவங்கதான். 1941ல சிரிக்க வச்சவங்களே 56, 57 வருஷம் கழிச்சு மிரள வச்சிருக்காங்க. பாடகர் திருச்சி லோகநாதனோட மாமியார் இவங்க. பாடகர் டி.எல். மகாராஜனுக்குப் பாட்டி.

தமிழ் வாத்தியாரா வர்றவர் கே. சாரங்கபாணி. கதாநாயகி ஆர். பத்மா.

எழுதினவர் வக்கீல், எடுத்தவர் ரெக்கார்டு கடைக்காரர்

இந்தப் படத்துக்கு மூலம் ஒரு நாடகம். எழுதினவர் பம்மல் சம்பந்த முதலியார். 1873ல பிறந்தவர். 1891ல சென்னையில சுகுண விலாச சபைன்னு ஒரு நாடகக் குழுவை ஆரம்பிச்சார். அந்தக் காலத்துல நாடகம்னா தொழில்முறைக் கம்பெனிகள்தான். சின்னப் பசங்களைச் சேர்த்து, ஊர் ஊராக் கொட்டகை போட்டு, விடிய விடிய பாட்டுப் பாடி நடத்துவாங்க. கௌரவமான குடும்பத்து ஆட்கள் மேடை ஏறினா ஊர் ஒரு மாதிரி பார்க்கும். சம்பந்த முதலியார் வக்கீல், பிறகு நீதிபதி. அவர் சபையில மேடை ஏறினவங்களும் வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள். பாட்டைக் குறைச்சு, வசனத்துக்கு இடம் கொடுத்து, மூணு மணி நேரத்துல முடியற மாதிரி நாடகம் போட்டாங்க. சிவாஜி நடிச்ச 'மனோகரா' பார்த்திருப்பீங்க, அதுக்கும் மூலம் இவரோட நாடகம்தான்.

'மனோகரா' மாதிரி பெரிய நாடகங்கள் எழுதின அதே கையாலதான் 'சபாபதி'யையும் எழுதினார். தன்னைச் சுத்தி இருந்த வசதியான முதலியார் வீடுகள், அங்க வளர்ற செல்லப் பையன்கள், இங்கிலீஷ் படிப்பு மேல இருந்த மோகம், இதையெல்லாம் உள்ளே இருந்து பார்த்தவர் எழுதின கேலி அது. வெளியாள் பண்ற கேலிக்கும் வீட்டுக்காரரே பண்ற கேலிக்கும் வித்தியாசம் இருக்கு இல்லையா? இதுல கேலி இருக்கு, வெறுப்பு இல்ல.

படமா எடுத்தவர் ஏ.வி. மெய்யப்பன். ஏ.டி. கிருஷ்ணசாமியும் அவரோட சேர்ந்து இயக்கினார். ஏ.வி.எம். உருண்டை நமக்கெல்லாம் தெரியும். ஆனா இந்தப் படம் வந்தப்போ ஏ.வி.எம். புரொடக்‌ஷன்ஸ் பிறக்கவே இல்ல, அது 1945ல. இது பிரகதி பிக்சர்ஸ் படம்.

மெய்யப்பன் காரைக்குடிக்காரர். சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி அவர் தொழில் கிராமபோன் இசைத்தட்டு. சரஸ்வதி ஸ்டோர்ஸ்னு கடை வச்சு, ஓடியன்ங்கற ஜெர்மன் கம்பெனி இசைத்தட்டுகளைத் தென்னிந்தியாவுல வித்தவர். சினிமாவுல அவர் எடுத்த முதல் படம் 'அல்லி அர்ஜுனா', 1935ல வந்தது. கையைச் சுட்டுக்கிட்டார். அதுக்குப் பிறகு 'நந்தகுமார்', 'பூகைலாஸ்'னு புராணப் படங்கள் வழியாத்தான் நிமிர்ந்தார். அப்படிப்பட்டவர் சாமியும் இல்லாம, ராஜாவும் இல்லாம, ஒரு அசட்டுப் பையனை வச்சு முழு நீளப் படம் எடுக்கிறது சின்ன விஷயம் இல்ல. அந்தக் காலத்துல நகைச்சுவைங்கறது பெரும்பாலும் புராணக் கதைக்கு நடுவுல தனியா வர்ற ஒரு பகுதி. அதைத் தனியா எடுத்துச் சேர்ப்பாங்க. 'சபாபதி'யில அது நடு வீட்டுக்கே வந்து உட்கார்ந்துக்கிச்சு.

சிரிப்பு எங்க இருக்கு?

வேலைக்காரச் சபாபதியோட சிரிப்பு ஒரே ஒரு விஷயத்துல நிக்குது: சொன்னதை அட்சரம் பிசகாம செய்யறது. நம்ம பேச்சு வழக்குல அர்த்தம் வேற, வார்த்தை வேற. 'சோடா உடைச்சுக் கொடு'ன்னு சொல்றோம். கோலியை அழுத்தித் திறக்கணும்னு அர்த்தம். 'வண்டியைப் பிடிச்சுட்டு வா', 'அடுப்பைப் பார்த்துக்கோ', 'விளக்கைக் குளிர வை', இப்படி எத்தனையோ. ஒருத்தன் இதையெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்கிட்டா வீடு என்ன ஆகும்? இந்த வகைச் சிரிப்புதான் அது. பின்னாடி நாகேஷ்ல இருந்து கவுண்டமணி, செந்தில் வரைக்கும் பல பேர் கையில இந்த வகை பழகினதுதான். வாழைப்பழ காமெடி ஞாபகம் வருதா? கேள்விக்கு நேர்மையா, வார்த்தை தவறாம பதில் சொல்றவனை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம எதிர்ல இருக்கறவர் தவிக்கிறார். அந்தத் தவிப்புக்கு ஒரு தாத்தா இங்க இருக்கார்.

ஒரு விஷயத்தை மறைக்காமச் சொல்லணும். இன்னிக்குப் பார்த்தா சில இடங்கள் நெருடும். வேலைக்காரனோட படிப்பில்லாமையைத் திரும்பத் திரும்பச் சிரிப்பாக்கறாங்க. எஜமான் அசடா இருந்தா அது வெகுளித்தனம், வேலைக்காரன் அசடா இருந்தா அது மடத்தனம். ஆனா அதே படம்தான், அந்த வீட்டுலயே புத்தியுள்ள ஆள் புதுசா வந்த மருமகள்னு காட்டுது. 1941ல ஒரு வீடு எதைப் பார்த்துச் சிரிச்சுது, எதைப் பார்த்துக் கூச்சப்படலைன்னு ரெண்டும் ஒரே இடத்துல கிடைக்குது.

சேகரிக்கிறவங்களை இழுக்கிறது இதுதான். புராணப் படத்துல கிருஷ்ணன் துவாரகையில பேசற மாதிரி பேசுவார், மெட்ராஸ்ல பேசற மாதிரி பேச மாட்டார். குடும்பக் காமெடியில ஆட்கள் வீட்டுல பேசற மாதிரி பேசினாத்தான் சிரிப்பு வரும். அதனால அன்னிக்கு இருந்த பேச்சு, புருஷனைப் பொண்டாட்டி எப்படிக் கூப்பிடுவா, அப்பா முன்னாடி பையன் எப்படி நிப்பான், எந்த இடத்துல இங்கிலீஷ் வார்த்தை நுழையும், இதெல்லாம் தானா பதிவாகுது. எதிர்காலத்துக்காகப் பத்திரப்படுத்தணும்னு யாரும் நினைச்சு எடுக்கல. சிரிக்கிறதுக்காக எடுத்தாங்க. அதனாலயே அதுல பொய் கம்மி.

காணாமப் போன படங்கள்

இப்போ பெட்டிக்குள்ள இருந்த புத்தகத்துக்கு வர்றேன்.

முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்', 1931. அந்தப் படத்தோட பிரதி இன்னிக்கு எங்கயும் இல்ல. எம்.ஜி.ஆர். முதல்ல நடிச்ச 'சதி லீலாவதி', 1936. அதுவும் இல்ல. எம்.எஸ். சுப்புலட்சுமியோட முதல் படம் 'சேவாசதனம்', 1938. அதுவும் இல்ல. இவங்க யாரும் சாதாரண ஆட்கள் இல்ல. ஒருத்தர் முதலமைச்சர் ஆனார், ஒருத்தர் பாரத ரத்னா வாங்கினார். அவங்க முதல் படத்துக்கே இந்த நிலைமைன்னா, பேர் தெரியாத நடிகர்கள் நடிச்ச காமெடிப் படங்களோட கதி என்னன்னு யோசிச்சுப் பாருங்க.

ஏன் இப்படி? ரெண்டு காரணம். ஒண்ணு, ரசாயனம். 1950களோட தொடக்கம் வரைக்கும் படச்சுருள் செல்லுலோஸ் நைட்ரேட்டால செஞ்சது. சட்டுனு தீப்பிடிக்கும். தீப்பிடிக்காட்டியும் சூட்டுலயும் ஈரத்துலயும் தானாவே மக்கும். முதல்ல படம் மங்கும், அப்புறம் பிசுபிசுன்னு ஒட்டும், கடைசியில பொடியாயிடும். நம்ம ஊர் வெயிலும் கடல் காத்தும் அதுக்கு எமன்.

ரெண்டாவது காரணம், மனுஷன். கறுப்பு வெள்ளைச் சுருள்ல உருவம் பதியறது வெள்ளியால. படம் ஓடி முடிஞ்ச பிறகு அந்தச் சுருள் இடத்தை அடைச்சுக்கிட்டு, தீப்பிடிக்கிற பயத்தோட கிடக்கிற ஒரு சரக்கு. அதை உருக்கினா வெள்ளி கிடைக்கும். உருக்கிட்டாங்க. யாரையும் திட்டிப் பயன் இல்ல. டிவி கிடையாது, வீடியோ கிடையாது. ஓடி முடிஞ்ச படத்துக்கு மறுபடியும் மதிப்பு வரும்னு நினைக்கக் காரணமே இல்லாத காலம். புனேயில தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்ததே 1964ல. தமிழ் சினிமா பேச ஆரம்பிச்சு 33 வருஷம் ஆயிருந்துது.

போரும் சேர்ந்துக்கிச்சு. 'சபாபதி' வெளியானது பேர்ல் ஹார்பர்ல குண்டு விழுந்த அடுத்த வாரம். நாலு மாசத்துல, 1942 ஏப்ரல்ல, ஜப்பான்காரன் வர்றான்னு மெட்ராஸே காலியாச்சு. கச்சா ஃபிலிமுக்குப் பஞ்சம் வந்து, படம் 11,000 அடிக்கு மேல போகக் கூடாதுன்னு கட்டுப்பாடு வந்துது. நிமிஷத்துக்கு 90 அடி ஓடும்னு கணக்குப் போட்டா, ரெண்டு மணி நேரம், ரெண்டு நிமிஷம். மூணு மணி நேரப் படம் பார்த்துப் பழகின ஜனங்களுக்கு அது பெரிய மாற்றம். அந்தக் கட்டுப்பாட்டுக்கு முந்தின தமிழ்ப் படம் ஒவ்வொண்ணும் இப்போ அபூர்வம்தான்.

'சபாபதி' தப்பிச்ச படங்கள்ல ஒண்ணு. இணையத்துல இன்னிக்கும் பார்க்கலாம். அப்போ உங்க கேள்வி நியாயமானது: படமே இருக்கே, பாட்டுப் புத்தகம் எதுக்கு?

எட்டணாவும் இல்லாத புத்தகம்

பாட்டுப் புத்தகம் தியேட்டர்ல விக்கிற சமாச்சாரம். சில அணா விலை. மட்டமான காகிதம், நடுவுல ரெண்டு கம்பி. அட்டையில படத்தோட பேர், உள்ளே நடிகர் பட்டியல், அப்புறம் கதைச் சுருக்கம். கதை நல்ல கட்டத்துக்கு வரும்போது 'மீதியை வெள்ளித்திரையில் காண்க'ன்னு நிறுத்திடுவாங்க. இன்னிக்கு நாம ஸ்பாய்லர்னு பயப்படற விஷயத்துக்கு அப்பவே வழி கண்டுபிடிச்சுட்டாங்க. அதுக்குப் பிறகு பாட்டுகள். பல புத்தகங்கள்ல ராகம், தாளம் கூடப் போட்டிருக்கும். கடைசியில விளம்பரங்கள்.

இதுல சேகரிக்கிறவங்க என்ன பார்க்கறாங்க?

முதல்ல, சாட்சி. பழைய படங்கள் பல தடவை மறுவெளியீடு ஆகும். ஒவ்வொரு தடவையும் வெட்டுவாங்க. சுருள் கிழிஞ்சா அந்தத் துண்டும் போயிடும். இன்னிக்கு நாம பார்க்கிற பிரதியில எத்தனை பாட்டு இருக்கு, முதல் வெளியீட்டுல எத்தனை இருந்துதுன்னு ஒப்பிட்டுப் பார்க்கணும்னா பாட்டுப் புத்தகம்தான் கணக்குப் புத்தகம். படமே இல்லாத படங்களுக்கு இந்தப் பத்துப் பன்னிரண்டு பக்கமும் பத்திரிகை விளம்பரங்களும்தான் படம்.

ரெண்டாவது, ஜோடி சேர்க்கிறது. இசைத்தட்டு சேகரிக்கிறவங்க ஒரு கூட்டம், பாட்டுப் புத்தகம் சேகரிக்கிறவங்க இன்னொரு கூட்டம். ஒருத்தர் இல்லாம இன்னொருத்தர் வேலை முடியாது. 78 ஆர்.பி.எம். தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம், கொஞ்சம் கூட. அதனால பாட்டைச் சுருக்கிப் பாடுவாங்க. தட்டோட லேபிள்ல பாடினவர் பேர் இருக்கும், முழுப் பாட்டு இருக்காது. புத்தகத்துல முழுப் பாட்டு இருக்கும், பல நேரம் பாடினவர் பேர் இருக்காது. ரெண்டையும் பக்கத்துல வச்சாத்தான் விவரம் முழுசாகும். ரெக்கார்டு வியாபாரியா இருந்து படம் எடுத்த மெய்யப்பன் மாதிரி ஆளோட படங்கள்ல இந்த ஒப்பீடு இன்னும் சுவாரசியமானது.

மூணாவது, வச்சிருந்தவரோட கைத்தடம். பென்சில்ல எழுதின பேர், படம் பார்த்த தேதி, பிடிச்ச பாட்டுக்குப் பக்கத்துல ஒரு கோடு. கடைக்காரர்கள் இதை 'அழுக்கு'ன்னு விலையைக் குறைப்பாங்க. நல்ல சேகரிப்பாளர் இதைத்தான் முதல்ல பார்ப்பார். ஏன்னா அச்சடிச்சது எல்லாருக்கும் ஒண்ணு, எழுதினது உங்க தாத்தா ஒருத்தர் மட்டும்.

இப்போ விலை. இதுக்கு நிலையான விலைன்னு ஒண்ணு கிடையாது. எம்.ஜி.ஆர்., சிவாஜி, பாகவதர் பேர் இருந்தா போட்டி போட்டு வாங்க ஆள் இருக்கு. டி.ஆர். ராமச்சந்திரனுக்கும் காளி என். ரத்தினத்துக்கும் ரசிகர் மன்றம் இல்ல. அதனால கேக்கற ஆளும் கம்மி, பணமும் கம்மி. இங்கதான் ஆபத்து. விலை இல்லாதது எடைக்குப் போகுது. எடைக்குப் போனதால குறைஞ்சு போகுது. ஒருநாள் தேடும்போது இருக்கறதே இல்ல. அபூர்வம்ங்கறது பெரும்பாலும் இப்படித்தான் உண்டாகுது. பொக்கிஷமா வச்சதெல்லாம் தப்பிச்சுடும். சாதாரணம்னு நினைச்சதுதான் அழியும்.

சென்னையில பழைய புத்தகம், பழைய ரெக்கார்டுன்னா மூர் மார்க்கெட்தான்னு பெரியவங்க சொல்வாங்க. அது 1985ல எரிஞ்சு போச்சு. இன்னிக்கு மிச்சம் இருக்கிறது திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளும், இந்த மாதிரி வீட்டுப் பெட்டிகளும்தான்.

பெட்டியைத் திறந்தா என்ன பண்றது?

கேள்வி கேட்டவருக்கு மட்டும் இல்ல, வீட்டுல பழைய பெட்டி இருக்கிற எல்லாருக்கும் சொல்றேன்.

முதல்ல, எந்தக் காலத்துப் புத்தகம்னு பாருங்க. ஒரு படத்துக்கு மறுவெளியீட்டுல மறுபடி புத்தகம் அடிக்கிறது உண்டு. விலை அணாவுல இருந்தா 1957 ஏப்ரலுக்கு முந்தினதா இருக்கும், அப்போதான் நயா பைசா வந்துது. நயா பைசான்னு இருந்தா அதுக்குப் பிந்தினது. முகவரியில ஆறு இலக்க பின்கோடு இருந்தா 1972க்குப் பிந்தினது. கடைசிப் பக்கத்துல அச்சகத்தோட பேர் இருக்கான்னு தேடுங்க. விளம்பரங்களையும் படிங்க, அதுல இருக்கிற சாமான்களே காலத்தைச் சொல்லிடும்.

அடுத்து, எதைச் செய்யக் கூடாது. லேமினேட் பண்ணாதீங்க. அந்தச் சூடும் பசையும் காகிதத்தை நிரந்தரமாக் கெடுத்துடும், திரும்ப எடுக்க முடியாது. கிழிஞ்ச இடத்துல செலோ டேப் ஒட்டாதீங்க. கொஞ்ச வருஷத்துல பசை மஞ்சளாகி எழுத்தையே தின்னுடும். வெயில்ல காய வைக்காதீங்க. காத்துப் புகாத பிளாஸ்டிக் கவர்ல போட்டு மூடாதீங்க, உள்ளே ஈரம் தங்கி பூஞ்சை பிடிக்கும். கம்பி துருப்பிடிச்சிருந்தா இழுக்காதீங்க, காகிதம் கையோட வந்துடும்.

எதைச் செய்யலாம்? சுத்தமான, உலர்ந்த கையால, மேஜை மேல வச்சு மெதுவா ஒவ்வொரு பக்கமாத் திருப்புங்க. ஜன்னல் பக்கத்து வெளிச்சத்துல, ஃபிளாஷ் இல்லாம, போன்லயே எல்லாப் பக்கத்தையும் படம் எடுங்க. அட்டை, பின்னட்டை, விளம்பரம், வெத்துப் பக்கத்துல எழுதின கணக்கு, எதையும் விடாதீங்க. அப்புறம் சாதாரண வெள்ளைக் காகித உறையில போட்டு, தட்டையா, ஈரமும் வெயிலும் படாத அலமாரியில வைங்க. யாரோடது, எந்த ஊர்ல கிடைச்சுதுன்னு தனிக் காகிதத்துல எழுதிக் கூடவே வைங்க.

வச்சுக்க இடம் இல்லன்னா கொடுக்கலாம். எடைக்கு இல்ல, நூலகத்துக்கு. சென்னை தரமணியில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கு. அது எப்படி வந்துதுன்னு தெரிஞ்சா உங்களுக்கே தைரியம் வரும். காரைக்குடி பக்கத்துல கோட்டையூர்ங்கற ஊர்ல இருந்த ரோஜா முத்தையா செட்டியார் தனி ஒரு மனுஷரா சேர்த்தது. பெரிய இலக்கியம் மட்டும் இல்ல, மத்தவங்க தூக்கிப் போட்ட நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் மாதிரி சின்னச் சின்ன அச்சு வேலைகளையும் சேர்த்தார். 1992ல அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாம, சென்னையிலயே 1994ல நூலகமா ஆக்க வழி பண்ணுச்சு. அதே மாதிரி ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். ஒவ்வொரு படத்தோட விவரத்தையும் புகைப்படத்தையும் வாழ்நாள் பூரா சேர்த்து வச்ச மக்கள் தொடர்பாளர். 2016ல காலமானார். இன்னிக்குத் தமிழ் சினிமா வரலாறு எழுதற யாரும் அவர் சேர்த்ததைத் தொடாம எழுத முடியாது. ரெண்டு பேரும் யார்கிட்டயும் அனுமதி கேக்கல, யாரும் அவங்களைச் செய்யச் சொல்லவும் இல்ல. மத்தவங்க குப்பைன்னு சொன்னதை எடுத்து வச்சாங்க, அவ்வளவுதான்.

அதனால, கேள்வி கேட்டவருக்கு என் பதில். அந்தப் புத்தகத்தால உங்க புது வீட்டுக்கு ஒரு ஜன்னல் கூட வாங்க முடியாது. ஆனா இந்த வாரம் ஒரு ராத்திரி, அந்தப் படத்தைப் போட்டுட்டு, புத்தகத்தைக் கையில வச்சுக்கிட்டு உட்காருங்க. பாட்டு வரும்போது பக்கத்தைப் பாருங்க. எந்தப் பாட்டு படத்துல இல்லன்னு குறிச்சுக்கோங்க. அப்படி ஒண்ணு கிடைச்சா, உங்க கையில இருக்கிறது இணையத்துல இல்லாத விஷயம். வீட்டுல பாட்டி இருந்தா கூட உட்கார வைங்க. தாத்தா அந்தப் படத்தை எந்தக் கொட்டகையில பார்த்தார், யாரோட போனார்னு கேளுங்க. அதையும் போன்லயே பதிவு பண்ணுங்க. அந்தப் பதில் எந்த நூலகத்துலயும் கிடைக்காது, பெட்டியிலயும் இருக்காது.

மீதியிருக்கிற பதினோரு புத்தகத்தோட அட்டையையும் எனக்கு அனுப்புங்க. அதுல படமே இல்லாமப் போன படம் ஏதாவது இருந்தா, அடுத்த எபிசோட் அதைப் பத்தித்தான். சந்திப்போம்.